மனசு மாறுமா? - 'ஆறு மாசத்துல ரெண்டு மடங்கு' என்று நம்புகிறவரிடம் எப்படிப் பேசுவது?

சேலம் அம்மாபேட்டையில் 2025 ஜனவரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போலீஸ் நுழைந்தது. அன்னை தெரசா பெயரில் இயங்கிய ஓர் அறக்கட்டளை, கொடுக்கும் பணத்தைச் சில மாதங்களில் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்லி அங்கே வசூல் செய்கிறது என்பது புகார். உள்ளே மக்கள் கூட்டம். கட்டுக்கட்டாகப் பணம். 'நல்லவேளை, நம்ம காசு தப்பிச்சது' என்று அந்தக் கூட்டம் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால், பணம் போட வந்தவர்களே போலீஸாரைச் சூழ்ந்துகொண்டு தகராறு செய்தார்கள். போலீஸ் மீது தாக்குதல் வரைக்கும் போனது.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 ஜனவரி 29-ம் தேதி, கோவை நீலாம்பூரிலும் இப்படியொரு கூட்டம் கூடியது. மொபைலில் விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிந்திருந்தது. அந்த நிறுவனத்துக்கு எதிராக அல்ல, ஆதரவாக ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்தார்கள். வெளியூர்களிலிருந்து வேன் பிடித்தும் வந்தார்கள்.

இந்த வழக்குகளில் யார் மீது தவறு என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். இந்த வாரம் பார்க்க வேண்டியது அந்தக் கூட்டத்தின் மனசை. தன் பணத்துக்கு ஆபத்து என்று ஒருவர் வந்து சொல்லும்போது, சொன்னவர் மேல் ஏன் கோபம் வருகிறது? அவ்வளவு உறுதியாக நம்புகிற ஒருவர், அதுவும் நம் வீட்டிலேயே இருந்தால், அவரிடம் எப்படிப் பேசுவது?

இழை இழையாக எண்ணுகிற ஊர்

சேலத்துக்குப் பக்கத்தில், கஞ்சமலையின் அந்தண்டை இருக்கிறது இளம்பிள்ளை. சேலை ஊர். எந்தத் தெருவில் நுழைந்தாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். கடைவீதியில் மொத்த வியாபாரக் கடைகள். இப்போது யூடியூபிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் இளம்பிள்ளைச் சேலை விற்கிறது. போட்டோ பார்த்துப் பணம் அனுப்பினால் கூரியரில் சேலை வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிஜ வீடு அல்ல. ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியாத வீடும் அல்ல. அப்பாவுக்கு வயது 58. ஆறு தறி. பாவுக்கு என்ன நூல், ஊடைக்கு என்ன நூல், ஒரு சேலைக்கு ஜரிகை எவ்வளவு, கூலி போக என்ன நிற்கும் என்பதெல்லாம் விரல் நுனியில். நூல் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால், அன்று சாயங்காலமே சேலைக்கு எத்தனை ரூபாய் அடிபடும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர், சகலை சொன்னார் என்று மூன்று லட்சத்தைக் கொண்டுபோய் ஒரு 'ஸ்கீமில்' போட்டிருக்கிறார். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம். நான்கு மாதமாக ஒழுங்காக வருகிறது. அடுத்து அம்மாவின் நகையை அடகு வைத்து இன்னும் இரண்டு லட்சம் போடுவதாகப் பேச்சு.

லீவுக்கு ஊருக்கு வந்த மகளுக்கு விஷயம் தெரிகிறது.

"ஏம்ப்பா, இது ஏமாத்து வேலைப்பா. இந்த வீடியோவைக் கொஞ்சம் பாருங்க."

"உனக்கு என்ன கண்ணு தெரியும்? நாலு மாசமா ஒண்ணாந்தேதி ஆனா டாண்ணு பணம் வருது. வீடியோ போடறவன் லைக்குக்குப் போடறான்."

"போலீஸே எச்சரிக்கை பண்ணியிருக்காங்கப்பா."

"பேங்க்காரன் சொல்லிப் பண்றாங்க. எல்லாரும் இதுல போட்டுட்டா அப்பறம் பேங்க்குக்கு யாரு போவா?"

பத்தாவது நிமிடம் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அம்மா சமையலறையில் பாத்திரத்தை உருட்டுகிறார். மறுநாள் காலையில் அப்பா சகலைக்கு போன் போட்டு, 'இன்னும் ரெண்டு போட்டுடலாம்' என்கிறார். மகள் பேசியதால் வந்த வீம்பு அது.

அவரைப் பேராசைக்காரர் என்றோ முட்டாள் என்றோ தள்ளிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மை இல்லை. ஜவுளி வியாபாரமே நம்பிக்கையில் ஓடுவது. முகம் தெரியாத ஊர்க் கடைக்காரருக்குச் சரக்கை அனுப்பிவிட்டு, பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இவர்கள். 'அவர் சொன்னார், இவர் கொடுத்தார்' என்கிற வாய்வார்த்தையில்தான் பிழைப்பு. தெரிந்தவர் சொன்னால் நம்புவது அங்கே பலவீனம் கிடையாது, தொழில் முறை. மோசடி ஸ்கீம்காரர்கள் தொற்றிக்கொள்வது இந்த நல்ல பழக்கத்தைத்தான்.

ஈமு கணக்கு

கொங்குப் பக்கம் இதற்கெல்லாம் பெரியண்ணன் ஒருவர் உண்டு: ஈமு கோழி. 2012 வரை ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் ஈமு கொட்டகை இருந்தது. பெருந்துறையில் இருந்த சுசி ஈமு ஃபார்ம்ஸின் திட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமு குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் கம்பெனி தரும். வளர்ப்புக்கு மாதம் 6,000 ரூபாய். வருடத்துக்கு 20,000 ரூபாய் போனஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு 72,000. போனஸ் சேர்த்தால் 92,000. ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 61 சதவிகிதம்! அதுவும் கொட்டகைச் செலவும் தீவனச் செலவும் கம்பெனி தலையில். இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டுமானால் அந்த ஆறு பறவைகள் என்ன முட்டை போட்டிருக்க வேண்டும்? ஈமு கறி யார் வீட்டில் வெந்தது? நம் ஊர் மட்டன் கடைகளில் ஈமு தொங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? புதிதாகச் சேருகிறவர் கட்டும் ஒன்றரை லட்சம்தான் பழைய ஆட்களுக்கு மாதப் பணமாகப் போய்க்கொண்டிருந்தது. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. தீவனம் இல்லாமல் பறவைகள் செத்து விழ, அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்தது. நிறுவனத்தை நடத்தியவருக்குக் கோவை டி.என்.பி.ஐ.டி. சிறப்பு நீதிமன்றம் பிறகு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்த 61 சதவிகிதக் கணக்கைப் போட அப்போது யாருக்கும் தெரியாமலா இருந்தது? மஞ்சளுக்கும் மாட்டுக்கும் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிற விவசாயிகள் அவர்கள். எச்சரித்தவர்களும் இருந்தார்கள். 'உனக்குப் பொறாமை' என்ற ஒற்றை வார்த்தையில் அவர்களை உட்கார வைத்துவிட்டார்கள்.

பணத்தைப் போடும் வரை அது ஒரு திட்டம். போட்ட பிறகு அது 'என் முடிவு'. திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். என் முடிவைக் கேள்வி கேட்டால் கோபம்தான் வரும். 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு விளையாட்டுச் சோதனை செய்தார்கள். நாடக சீஸன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் கொடுத்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சீஸனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். 'காசு கொடுத்தாச்சே, விடக்கூடாது' என்கிற மனசு. பஃபேயில் வயிறு நிறைந்த பிறகும் தட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு ரவுண்டு போகிற அதே மனசுதான்.

இளம்பிள்ளை அப்பா போட்டிருப்பது மூன்று லட்சம் மட்டுமல்ல. தங்கையின் கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தறி ஓட்டும் பையனையும் ஐம்பதாயிரத்துக்குச் சேர்த்துவிட்டிருக்கிறார். இப்போது 'இது மோசடி' என்று ஒப்புக்கொண்டால், ஏமாந்தவர் என்ற பெயரோடு 'ஏமாற வைத்தவர்' என்ற பெயரும் சேரும். மகள் காட்டிய வீடியோ கேட்பது என்ன? அந்த இரண்டு பெயரையும் அவர் இப்போதே, இந்த இடத்திலேயே, பெற்ற மகள் முன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று. யாரால் முடியும்?

'ஏன்'னு கேட்டா சண்டை, 'எப்படி'ன்னு கேட்டா யோசனை

யேல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கைல் என்ற இருவர் ஒரு வேடிக்கையான விஷயத்தைப் பார்த்தார்கள். ஜிப், பூட்டு, தையல் மெஷின், கக்கூஸ் ஃபிளஷ் இவையெல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியுமா என்று கேட்டால், 'ஓ, நல்லா தெரியுமே' என்று ஆட்கள் தங்களுக்கே தாராளமாக மார்க் போட்டுக்கொள்கிறார்கள். 'சரி, படிப்படியாக விளக்குங்கள்' என்றதும் திணறுகிறார்கள். மறுபடி மார்க் போடச் சொன்னால் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். 'உனக்குத் தெரியாது' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. விளக்கப் போன இடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

2013-ல் பிலிப் ஃபெர்ன்பாக்கும் அவர் சகாக்களும் இதையே அரசின் கொள்கைகளுக்குச் செய்துபார்த்தார்கள். ஒரு கொள்கையை 'ஏன் ஆதரிக்கிறீர்கள், காரணங்களைச் சொல்லுங்கள்' என்று கேட்டவர்களிடம் பிடிவாதம் குறையவில்லை. 'அது எப்படி வேலை செய்யும், முதல் படியிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்டபோது, தங்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை என்று உணர்ந்தார்கள்; கருத்திலும் சூடு தணிந்தது. (இந்த இரண்டாவது பலன், பின்னால் வேறு ஆய்வாளர்கள் செய்துபார்த்தபோது அப்படியே கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளக்கப் போனால் 'நமக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று புரிவது நிற்கிறது. கட்சி மாறுகிற அளவுக்குப் போகுமா என்பதில்தான் சந்தேகம்.)

இதில் தறிக்காரருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 'எப்படி' என்ற கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்வது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஜக்கார்டு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது; தூக்கின இழைக்குக் கீழே நாடா ஓடும்; அப்படி ஒவ்வோர் ஊடையாகச் சேர்ந்துதான் முந்தியில் மயில் வருகிறது. ஒரு படிகூட விட்டுப்போகாது. கம்ப்யூட்டர் டிசைன் வந்த பிறகும் அந்த ஏற்ற இறக்கம் அவர் கண்ணுக்குத் தெரியும்.

அதே மனிதரிடம் மகள் வீடியோவைக் காட்டாமல் இப்படி ஆரம்பித்தால்?

"அப்பா, ஒரு லட்சத்துக்கு மாசம் பத்தாயிரம் தர்றாங்க, சரிங்கப்பா. அந்தப் பத்தாயிரத்தை அவங்க எப்படிச் சம்பாதிக்கிறாங்க?"

"வெளிநாட்டு ஏற்றுமதிங்கறாங்க."

"என்ன சரக்குங்கப்பா?"

"அது... அதெல்லாம் கம்பெனி விஷயம்."

"நாம ஒரு லட்சத்தை நூல்ல போட்டா, சேலையாக்கி வித்து முடிக்க எத்தனை நாள் ஆகும், என்ன நிக்கும்?"

இந்த இடத்தில் அப்பா சொல்வார். மணிக்கணக்கில் சொல்வார். மின்சாரம், கூலி, கடைக்காரர் தள்ளிப்போடுவது, டேமேஜ் என்று எல்லாம் வரும். மகள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேட்டுக்கொண்டிருப்பது. தறியில் லட்சத்துக்கு என்ன நிற்கிறது என்று அவர் வாயாலே வந்த பிறகு, மாதம் பத்தாயிரம் என்பது வருடத்துக்கு 120 சதவிகிதம் என்ற கணக்கு அவர் தலைக்குள் தானாக ஓடும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிதி நிறுவனங்கள்கூட வருடத்துக்கு 12.5 சதவிகிதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பதை அப்போது சொன்னால் காதில் ஏறும். முதல் வரியாகச் சொன்னால் ஏறாது.

இதைக் குறுக்கு விசாரணைக் குரலில் கேட்டால் எல்லாம் பாழ். 'மாட்டிக்கிட்டீங்களா' என்ற சிரிப்பு ஒரு நொடி முகத்தில் வந்தாலும் போச்சு. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். பதில் உடனே வர வேண்டியதும் இல்லை. அன்று ராத்திரி அப்பா தூக்கம் வராமல் புரண்டால் அந்தக் கேள்வி வேலை செய்கிறது என்று அர்த்தம். மறுநாள் அதை ஞாபகப்படுத்தாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி, குறிப்பாக இருபது வயதுக்காரர்களுக்கு.

ஈரலும் 32 சதவிகிதமும்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. ஆட்டின், மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்கச் சொல்லி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அங்கே இல்லத்தரசிகள் முகம் சுளித்தார்கள். (ஞாயிற்றுக்கிழமை ஈரலுக்கும் குடலுக்கும் வரிசையில் நிற்கிற சேலத்துக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.) குர்ட் லெவின் என்ற உளவியலாளர் பெண்களைக் குழு குழுவாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல பேச்சாளரை வைத்துச் சொற்பொழிவு: சத்து, சிக்கனம், தேசப்பற்று, கூடவே சமையல் குறிப்பு. மற்றக் குழுக்களில் சொற்பொழிவு இல்லை. 'உங்களைப் போன்ற குடும்பப் பெண்கள் இதைச் சமைப்பதில் என்ன சங்கடம் இருக்கும்?' என்று கேட்டு அவர்களையே பேசவிட்டார்கள். வீட்டுக்காரர் சாப்பிட மாட்டார், கவிச்சி அடிக்கும் என்று அவர்களே குறைகளைச் சொல்லி, அவர்களே வழியும் சொன்னார்கள். கடைசியில் யார் செய்து பார்ப்பீர்கள் என்று கை தூக்கச் சொன்னார்கள்.

பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவிகிதம் பேர்தான் அதுவரை செய்யாத கறியைச் செய்திருந்தார்கள். கூடிப் பேசியவர்களில் 32 சதவிகிதம்.

வீட்டில் பெரும்பாலும் நடப்பது சொற்பொழிவுதான். அதுவும் குடும்பத்திலேயே வயதில் சின்னவர், 'நாலு எழுத்து படிச்ச திமிர்' என்ற பட்டம் ஏற்கெனவே வாங்கியவர் செய்கிற சொற்பொழிவு. அப்பாவின் மனசை மாற்றும் ஆள் மகளாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. ஈமுவில் பணத்தைவிட்ட ஒரு பெரியப்பா நிச்சயம் எங்காவது இருப்பார். அதே தொழில், அதே வயது, அதே டீக்கடை. அவர் வந்து 'நானும் ஆறு மாசம் வாங்குனேன் மாப்ள, ஏழாவது மாசம் கொட்டகைதான் மிச்சம்' என்று ஒரு வரி சொன்னால், அது பத்து வீடியோவுக்குச் சமம். அவர் அறிவுரைகூடச் சொல்ல வேண்டாம், தன் கதையைச் சொன்னால் போதும்.

குடும்ப குரூப்பில் ஒரு வரி

ஸ்கீம் செய்தி இப்போது பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைகிற வாசல் வாட்ஸ்அப் குரூப். 'இன்று ஒரு நாள் மட்டும்', 'நம் குடும்பத்தினருக்காக' என்று சித்தப்பா ஃபார்வேர்டு செய்வார். குரூப்பில் 40 பேர் இருப்பார்கள். பத்துப் பேருக்குச் சந்தேகம் வரும். யாரும் பேச மாட்டார்கள். பெரியவரை எதிர்த்துப் பேசினதாக ஆகிவிடுமே!

இது பற்றி இந்தியாவிலேயே இரண்டு ஆய்வுகள் உண்டு. ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் 1,224 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். அதில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கே ஆள் போய், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சுமார் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு சோதித்தபோது, பாடம் கேட்டவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகக் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு உழைப்புக்கும் பலன் இல்லை.

அவரே சைமன் சோசார் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில் முடிவு வேறு மாதிரி வந்தது. வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வதந்திக்குக் கீழே, குரூப்பில் இருக்கும் இன்னொருவர் 'இது உண்மை இல்லைன்னு நினைக்கிறேன்' என்று மறுத்திருந்தால், பார்ப்பவர்களின் நம்பிக்கை குறைந்தது. ஆதாரம் எதுவும் கொடுக்காத சின்ன மறுப்பும், ஆதாரத்தோடு வந்த மறுப்புக்குக் கிட்டத்தட்ட இணையாக வேலை செய்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குரூப்பில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 'சித்தப்பா, இதுல எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்குங்க, விசாரிச்சுட்டு எல்லாரும் போடலாம்' என்று ஒரு வரி போதும். அந்த வரி சித்தப்பாவை மாற்றாமல் போகலாம். ஆனால் வாய் திறக்காத அந்தப் பத்துப் பேரும், பணத்தை எடுக்கப் பேங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பதினோராவது ஆளும் அதைப் படிக்கிறார்கள். பேசாமல் இருந்தால், 'எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்' என்றுதான் அந்தப் பதினோராவது ஆள் எடுத்துக்கொள்வார். விசாரிக்க இடமும் இருக்கிறது: பணம் வாங்க அனுமதி உள்ள நிறுவனமா என்று ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், அதிலேயே புகாரும் கொடுக்கலாம்.

திரும்பி வர ஒரு வாசல்

மனசு மாறுகிற ஆள் பெரும்பாலும் 'நான் தப்பு' என்று சொல்லிவிட்டு மாறுவதில்லை. மாறிய பிறகு, 'நான் அப்பவே யோசிச்சேன்' என்றுதான் சொல்வார். சொல்லட்டும். அதைத் திருத்தாதீர்கள்.

அப்பாவுக்கு அந்த வாசலை எப்படித் திறந்துவைப்பது? 'நீங்க போட்டப்ப பணம் ஒழுங்கா வந்துட்டு இருந்துச்சு, யாரா இருந்தாலும் நம்பியிருப்பாங்க. இப்ப சேலத்துல இப்படி ஆனப்பறம் ஒருதடவை பார்த்துக்கலாமா?' என்று கேட்டால், மாறியது நிலவரம்தான் என்று ஆகிவிடுகிறது. ஏற்கெனவே போட்ட மூன்று லட்சத்தைப் பற்றிய சண்டையை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, நகை மேல் வாங்கவிருக்கும் இரண்டு லட்சத்தை மட்டும் பேசுவது இன்னும் நல்லது. போட்டதை எடுக்கச் சொன்னால் தோல்வி மாதிரி இருக்கும். போடப்போவதை இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொன்னால் அது வெறும் நிதானம்.

இன்னொரு கேள்வியும் கேட்டுவைக்கலாம்: 'என்ன நடந்தா நீங்களே வெளியே வந்துடுவீங்கப்பா?' பணம் எத்தனை நாள் தள்ளிப்போனால், ஆபீஸ் போனை எத்தனை தடவை எடுக்காமல்விட்டால் என்று அவரே ஒரு கோட்டைக் கிழிக்கட்டும். முன்கூட்டிக் கிழித்த கோடு இல்லையென்றால், 'சர்வர் பிரச்னை', 'ஆடிட்டிங் நடக்குது' என்ற ஒவ்வொரு சாக்கும் அந்த நேரத்தில் நியாயமாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: முதலில் பத்தாயிரத்தைத் திருப்பிக் கேட்டு, அது வந்துவிட்டது என்பதால் கம்பெனி நல்ல கம்பெனி ஆகிவிடாது. சின்னத் தொகையைச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது பெரிய தொகைக்குப் போடுகிற தீனி.

இவ்வளவும் செய்தும் பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒருவரின் மனசை மாற்ற வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது: புகார் கொடுக்க வைப்பது. பலர் கொடுப்பதில்லை. ஊருக்குத் தெரிந்துவிடும், பொண்ணு கல்யாணத்துக்குப் பேச்சு வரும், சகலையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று ஆயிரம் தயக்கம். அந்த நேரத்தில் 'நான்தான் அன்னைக்கே சொன்னேனே' என்று மகள் ஒரு தடவை சொல்லிவிட்டால், அப்பா அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போக மாட்டார்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். டி.என்.பி.ஐ.டி. என்பது அதன் சுருக்கப் பெயர்தான். அதன்படி மோசடி நிறுவனத்தின் சொத்துகளைப் பறிமுதல் செய்து, நீதிமன்றம் வழியாக ஏலம்விட்டு, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். வருடக்கணக்கில் ஆகும், முழுசாகக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் ஆதாரத்தோடு புகார் கொடுத்துப் பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்குத்தான் அந்தப் பங்கில் இடம். பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகும்போது ரசீது, பாண்டு பத்திரம், பாஸ்புக் நகல், ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஸ்கீம் பற்றி வந்த வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்துப்போக வேண்டும். பணம் ஆன்லைனில் போயிருந்தால், தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. சகலையும் பணம் போட்டவர்தான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கலாம்.